ஹில்ட்டா, கோயினா என்று சண்டை போடும் முன்: ஆண்ட்ராய்டு டிஐ பிழைகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

"அண்ணா, ஹில்ட்டைத் தூக்கிட்டு கோயினுக்கு மாறிடலாமா?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பில்ட் சிவப்பாக நிற்கும்போது டீமில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். ஹில்ட்டும் கோயினும் ஆண்ட்ராய்டு ஆப்பில் ஒரு கிளாஸுக்கு வேண்டிய பொருள்களை வெளியிலிருந்து செய்து கொடுக்கும் லைப்ரரிகள். இந்த வேலைக்குத்தான் டிஐ (டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன்) என்று பெயர். இதற்கு முன்னால் நான் இருந்த ப்ராஜெக்டில் கோயின். அங்கே பில்ட் எப்போதும் பச்சைதான், ஆப்தான் ஆளுக்கொரு திரையில் விழுந்தது. அங்கேயும் ஒரு தம்பி கேட்டான்: "ஹில்ட்டுக்குப் போயிடலாமா அண்ணா?" ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் இரண்டிலும். கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கும் நாளும் உண்டு. ஆனால் அதைக் கண்டுபிடிக்க முதலில் அறிகுறியைப் பார்க்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் மனதில் வைக்க வேண்டிய வித்தியாசம் ஒன்றுதான். ஹில்ட்டின் அடித்தளமான டாகர் 2012-இல் ஸ்கொயர் நிறுவனத்தில் பிறந்தது. 2015-இல் வந்த டாகர் 2 கூகுளின் கைக்குப் போனது. 2020-இல் அதன் தலைமேல் ஹில்ட் வந்து உட்கார்ந்தது. டாகர் 2-ம் ஹில்ட்டும், யாருக்கு எது வேண்டும் என்ற கணக்கை கம்பைல் நேரத்திலேயே போட்டு, கோடாக எழுதி வைத்துவிடும். ஒரு பொருள் குறைந்தால் பில்ட் நிற்கும். கோயின் அப்படியில்லை. கோட்லினில் நாம் எழுதிய பட்டியலை ஆப் ஓடும்போது வைத்துக்கொண்டு, கேட்கிற நேரத்தில் தேடித் தரும். கல்யாணச் சமையலில் ஒருவர் மளிகைப் பட்டியலைச் சரிபார்த்த பிறகே அடுப்பைப் பற்ற வைக்கிறார். இன்னொருவர் பற்ற வைத்துவிட்டுப் புளியைத் தேடுகிறார். இரண்டாமவர் சீக்கிரம் வேலையைத் தொடங்குவார் என்பதும் உண்மை.

பில்ட் நிற்கிறது: "மிஸ்ஸிங் பைண்டிங்"

ஹில்ட் வைத்திருப்பவர்கள் அதிகம் பார்க்கும் முகம் இது. இன்ன வகையை "கேனாட் பி ப்ரொவைடட்" என்று தொடங்கி இருபது முப்பது வரிக்கு ஓடும். பயப்படாமல் முதல் வரியை மட்டும் படியுங்கள். காணாமல் போன பொருளின் பெயர் அங்கே இருக்கிறது. அதற்குக் கீழே வரும் ஒவ்வொரு "இஸ் இன்ஜெக்டட் அட்" வரியும், அதைக் கேட்டது யார், அவரைக் கேட்டது யார் என்று மேலே ஏறிப்போகும் சங்கிலி. முதல் வரியும் கடைசி வரியும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நான் முதலில் பார்ப்பது இன்டர்ஃபேஸ். யூசர்ரெபாசிட்டரி என்று ஒரு இன்டர்ஃபேஸ், யூசர்ரெபாசிட்டரிஇம்ப்ளு என்று அதன் கிளாஸ். கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் @இன்ஜெக்ட் போட்டாயிற்று. "எல்லாம் போட்டுட்டேனே" என்பார்கள். இம்ப்ளை எப்படிக் கட்டுவது என்று டாகருக்குத் தெரியும். ஆனால் இன்டர்ஃபேஸைக் கேட்டால் இம்ப்ளைக் கொடு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. @பைண்ட்ஸ் போட்ட ஒற்றை வரிதான் அதைச் சொல்கிறது. வெள்ளிக்கிழமைப் பிழைகளில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது, பொருள் இருக்கிறது, ஆனால் மாடி தவறு. ஹில்ட்டில் கம்பொனென்டுகள் (பொருள்களை வைத்துக் கொடுக்கும் பெட்டிகள்) அடுக்கடுக்காக இருக்கின்றன. மேலே சிங்கிள்டன் கம்பொனென்ட், அதன் கீழே ஆக்டிவிட்டி ரீடெய்ண்ட், அதன் கீழே ஆக்டிவிட்டி, அதற்கும் கீழே ஃப்ராக்மென்ட். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் இறங்கும். இரண்டாம் மாடி வாளித் தண்ணீர் தொட்டிக்கு ஏறாது. ஆக்டிவிட்டி கம்பொனென்டில் @இன்ஸ்டால்இன் செய்த மாட்யூலிலிருந்து (பொருள்களின் செய்முறையை எழுதி வைக்கும் கிளாஸ்), சிங்கிள்டனாக இருக்கும் ரெபாசிட்டரி எதையும் கேட்க முடியாது. இதில் பலரும் சறுக்கும் இடம், திரையின் தரவை வைத்திருக்கும் வியூமாடல். வியூமாடல் கம்பொனென்ட் ஆக்டிவிட்டி கம்பொனென்டின் பிள்ளை இல்லை, பக்கத்து வீடு. இரண்டுமே ஆக்டிவிட்டி ரீடெய்ண்டின் கீழே இருக்கின்றன. ஆக்டிவிட்டியில் வைத்த பொருளை வியூமாடலில் கேட்டால் பில்ட் நிற்கத்தான் செய்யும். அது நல்லதும்கூட: திரையைத் திருப்பினால் ஆக்டிவிட்டி செத்துப் பிறக்கும், வியூமாடல் உயிரோடு இருக்கும். செத்த ஆக்டிவிட்டியின் சாமானை அது பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

இன்னும் தீரவில்லை என்றால் பிழைச் செய்தியில் உள்ள வகையின் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 'செட்' அல்லது 'லிஸ்ட்' என்பதற்குள் கேள்விக்குறியும் 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்ற சொல்லும் தெரிந்தால், கோட்லின் உங்கள் வகையை ஜாவாவுக்கு மொழிபெயர்க்கும்போது ஒரு வைல்ட்கார்டைச் சொருகிவிட்டது என்று அர்த்தம். இன்டர்செப்டர்களை செட்டாக வாங்கும் இடத்தில் இது அடிக்கடி வரும். வகைக்கு முன்னால் @ஜேவிஎம்சப்ரெஸ்வைல்ட்கார்ட்ஸ் போட்டால் தீரும். பல கிரேடில் மாட்யூல் (ப்ராஜெக்டைப் பிரித்து வைத்த தனித்தனிப் பகுதிகள்) உள்ள ப்ராஜெக்ட் என்றால், அந்த டாகர் மாட்யூல் ஆப் மாட்யூலின் கண்ணுக்கே தெரிகிறதா என்று பாருங்கள். நடுவில் ஒருவர் 'இம்ப்ளிமென்டேஷன்' என்று மறைத்து வைத்திருந்தால் முழுப் படத்தையும் வரைய வேண்டிய ஆப் மாட்யூலுக்கு அந்த வகை தெரியாமல் போகலாம்.

'நான்எக்ஸிஸ்டென்ட்கிளாஸ்' என்று வந்தால் அது டிஐ பிழையே இல்லை. கேப்ட் (அனொட்டேஷன்களைப் படித்துக் கோடு எழுதும் ப்ராசஸர்களை கோட்லினில் ஓட்டும் கருவி) உங்கள் கோட்லின் கோடை ஜாவா நிழலாக மாற்றும்போது ஏதோ ஒரு வகையை அறிய முடியாமல் இந்தப் பெயரை வைத்துவிட்டது. இறக்குமதி விட்டுப்போயிருக்கும், அல்லது வேறொரு ப்ராசஸர் உருவாக்க வேண்டிய கிளாஸாக இருக்கும். லாகில் மேலே போய் முதல் பிழையைத் தேடுங்கள்.

திரை திறந்ததும் க்ராஷ்: "லேட்இனிட் ப்ராப்பர்ட்டி ஹேஸ் நாட் பீன் இனிஷியலைஸ்ட்"

ஃபீல்டில் @இன்ஜெக்ட் போட்டிருக்கிறீர்கள், கிளாஸின் தலையில் @ஆண்ட்ராய்டுஎன்ட்ரிபாய்ன்ட் போடவில்லை. அது இருந்தால், சூப்பர் ஆன்க்ரியேட்டுக்கு முன்னாலேயே அந்த ஃபீல்டைத் தொட்டிருப்பீர்கள். ஆக்டிவிட்டியில் ஹில்ட் பொருளை நிரப்புவது அந்த சூப்பர் அழைப்புக்குள்தான், ஃப்ராக்மென்டில் ஆன்அட்டாச்சில். ஃப்ராக்மென்டில் போட்டு அதைச் சுமக்கும் ஆக்டிவிட்டியில் விட்டுவிட்டால் வேறு செய்தி வரும், அதிலேயே விடை எழுதியிருக்கும். அப்ளிகேஷன் கிளாஸில் @ஹில்ட்ஆண்ட்ராய்டுஆப் போட்டுவிட்டு மேனிஃபெஸ்டில் அந்தக் கிளாஸின் பெயரை எழுத மறப்பதும் உண்டு. சிரிக்காதீர்கள், நான் இரண்டு முறை செய்திருக்கிறேன்.

வியூமாடலில் "கேனாட் க்ரியேட் அன் இன்ஸ்டன்ஸ்" என்று வந்தால் @ஹில்ட்வியூமாடல் இருக்கிறதா என்று பாருங்கள். நேவிகேஷன் கம்போஸ் பயன்படுத்தினால் 'வியூமாடல்' ஃபங்ஷனுக்குப் பதில் 'ஹில்ட்வியூமாடல்' ஃபங்ஷனை அழைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

க்ராஷ் இல்லை, எர்ரர் இல்லை, ஆனால் ஒரு திரையில் சேர்த்தது அடுத்த திரையில் இல்லை

இதுதான் ஆளைக் கொல்லும் ரகம். பொருள் பக்கத்தில் 'கார்ட்டில் சேர்' அழுத்தினால் எண்ணிக்கை 1 ஆகிறது. கார்ட் பக்கத்துக்குப் போனால் காலி. எங்கள் டீமில் ஒருவர் இதற்காக ஒன்றரை நாள் ஃப்ளோவையும் கோரூட்டீனையும் குடைந்தார். நான் போய் கார்ட்ரெபாசிட்டரியின் இனிட் பிளாக்கில் ஒரே ஒரு லாக் போட்டேன், ஐடென்டிட்டி ஹேஷ்கோடை அச்சிடச் சொல்லி. லாக்கேட்டில் இரண்டு வரி வந்தது, இரண்டு வேறு வேறு எண். ஒரே ரெபாசிட்டரி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது இரண்டு.

"சிங்கிள்டன் கம்பொனென்டில்தானே இன்ஸ்டால் பண்ணியிருக்கேன்?" என்றார். இருந்தது. ஆனால் @இன்ஸ்டால்இன் சொல்வது இந்தச் செய்முறை எங்கெங்கே கிடைக்கும் என்பதை மட்டுமே. ஒரு தடவை செய்ததையே திரும்பக் கொடு என்று சொல்வது @சிங்கிள்டன் என்ற தனி அனொட்டேஷன். அது இல்லையென்றால் கேட்கும்போதெல்லாம் டாகர் புதிதாக ஒன்று செய்து கொடுக்கும். பெயரில் சிங்கிள்டன் இருப்பதால் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கோயினில் இதே நோய் 'சிங்கிள்' எழுத வேண்டிய இடத்தில் 'ஃபேக்டரி' எழுதினால் வரும். அங்கே சொல்லே வேறு வேறாக இருப்பதால் கண்ணில் படுவது சுலபம். இந்த ஒரு விஷயத்தில் கோயின்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கலாம்.

சரி என்று எல்லாவற்றிலும் @சிங்கிள்டன் ஒட்டிவிடாதீர்கள். லாக்அவுட் செய்து வேறொருவர் லாகின் செய்தால், முந்தையவரின் முகவரிப் பட்டியல் அப்படியே நிற்கும். ப்ராசஸ் சாகும்வரை அந்த ஆப்ஜெக்ட் சாகாது. நிலையைத் தன்னுள் வைத்திருக்கும் கிளாஸுக்கும், உருவாக்கச் செலவு அதிகமான, நெட்வொர்க் கோரிக்கை அனுப்பும் ஓகேஎச்டிடிபி கிளையன்ட், ரூம் டேட்டாபேஸ் போன்றவற்றுக்கும் போடுங்கள். வெறும் கணக்குப் போடும் யூஸ்கேஸுக்குத் தேவையில்லை.

"ஃபவுண்ட் எ டிபென்டென்சி சைக்கிள்". கோயினில் என்றால் ஸ்டாக்ஓவர்ஃப்ளோ

நான் பார்த்த சுழல்களில் பெரும்பாலானவை ஒரே வீட்டில் பிறந்தவை. டோக்கன் காலாவதியானால் புதுப்பிக்க ஒரு ஆதென்டிகேட்டர் எழுதுவோம். அதற்கு ஆத்ஏபிஐ வேண்டும். அதற்கு ரெட்ரோஃபிட் (ஏபிஐ அழைப்புகளைக் கட்டும் லைப்ரரி), ரெட்ரோஃபிட்டுக்கு ஓகேஎச்டிடிபி கிளையன்ட், கிளையன்டுக்கு அதே ஆதென்டிகேட்டர். பாம்பு வாலைக் கடித்துவிட்டது. டாகர் பில்டிலேயே சங்கிலியை வரைந்து காட்டும். கோயினில் ஆப் ஓடி அந்தப் பொருளைக் கேட்டதும் ஒரே மாதிரி வரிகள் நூற்றுக்கணக்கில் லாகில் ஓடும்.

இணையத்தில் முதலில் கிடைக்கும் தீர்வு 'லேசி' போடுவது. போடலாம். ஆனால் கோட்லினில் வெறுமனே லேசி என்று எழுதினால் அது கோட்லினின் சொந்த லேசி, இறக்குமதிகூடக் கேட்காது. டாகருக்கு வேண்டியது டாகர் பேக்கேஜில் இருக்கும் லேசி. இதைக் கவனிக்காமல், சுழல் பிழை போய் மிஸ்ஸிங் பைண்டிங் வந்துவிட்டது என்று தலையைச் சொறிந்த நாள் எனக்கு உண்டு. பிழைச் செய்தியில் 'கோட்லின் டாட் லேசி' என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தது.

எனக்கு லேசியைவிடப் பிடித்த வழி இரண்டு கிளையன்ட் வைப்பது. ஆதென்டிகேட்டர் இல்லாத சாதாக் கிளையன்ட் ஒன்று. டோக்கன் புதுப்பிக்கும் ஏபிஐ அதை மட்டும் பயன்படுத்தும். அந்தச் சாதாக் கிளையன்டிலிருந்தே 'நியூபில்டர்' அழைத்து, ஆதென்டிகேட்டரைச் சேர்த்து இரண்டாவதைச் செய்யுங்கள். கனெக்‌ஷன் பூல் இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும், செலவு கூடாது. இரண்டையும் பிரித்துக் காட்ட ஆளுக்கொரு குவாலிஃபையர் (பெயர்ச்சீட்டு போன்ற அனொட்டேஷன்). இல்லாவிட்டால் 'டூப்ளிகேட் பைண்டிங்ஸ்' என்று அடுத்த பிழை வரும். இதில் இன்னொரு லாபம்: லேசி வழியில் புதுப்பிக்கும் கோரிக்கையே 401 (டோக்கன் செல்லாது என்ற பதில்) வாங்கினால், அதே ஆதென்டிகேட்டர் மறுபடி எழுந்து மறுபடி புதுப்பிக்கப் போகும். சுழல் கம்பைலரை விட்டு நெட்வொர்க்குக்கு இடம் மாறும், அவ்வளவுதான். டாகர் சுழல் என்று கத்தும்போது அது பெரும்பாலும் டிசைனில் உள்ள நிஜக் கோளாறைத்தான் காட்டுகிறது.

பின்னணி வேலை ஓடவே இல்லை

ஆப் நன்றாக இருக்கிறது. இரவில் ஓட வேண்டிய சிங்க் மட்டும் நடப்பதில்லை. லாக்கேட்டில், பின்னணி வேலைகளை ஓட்டும் வொர்க்மேனேஜரின் வரிகளைத் தேடினால் "குட் நாட் இன்ஸ்டான்ஷியேட்" என்றும், கீழே 'நோசச்மெத்தட்' என்றும் கிடைக்கும். க்ராஷ் ஆகாததால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். எங்களுக்கு வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்தது.

வொர்க்மேனேஜர் தன் வழக்கமான வழியில், கான்டெக்ஸ்டும் வொர்க்கர்பேராமீட்டர்ஸும் மட்டும் வாங்கும் கன்ஸ்ட்ரக்டரைத் தேடியது. உங்கள் வொர்க்கரோ ரெபாசிட்டரியையும் சேர்த்துக் கேட்கிறது. ஹில்ட்டின் ஃபேக்டரி களத்துக்கே வரவில்லை. எங்கே அறுந்தது என்று வரிசையாகப் பாருங்கள். வொர்க்கரில் @ஹில்ட்வொர்க்கரும் கன்ஸ்ட்ரக்டரில் @அசிஸ்டட்இன்ஜெக்டும் இருக்க வேண்டும், அந்த இரண்டு பேராமீட்டருக்கும் @அசிஸ்டட் வேண்டும். பிறகு கிரேடில்: டாகரின் ஹில்ட் கம்பைலர் போதாது, ஆண்ட்ராய்டுஎக்ஸின் ஹில்ட் கம்பைலர் என்று இன்னொன்று இருக்கிறது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் "ஏற்கெனவே இருக்கே" என்று தாண்டிப் போய்விடுவோம். விட்டுப்போனால் பில்ட் முணுமுணுக்கக்கூடச் செய்யாது. அடுத்து அப்ளிகேஷன் கிளாஸ் கான்ஃபிகரேஷன் ப்ரொவைடரை இம்ப்ளிமென்ட் செய்து ஹில்ட்வொர்க்கர்ஃபேக்டரியைக் கொடுக்க வேண்டும். கடைசியாக மேனிஃபெஸ்டில் வொர்க்மேனேஜரின் தானியங்கி இனிஷியலைசரை நீக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் கான்ஃபிகரேஷன் கொடுப்பதற்கு முன்பே அது தன்பாட்டுக்குத் தொடங்கியிருக்கும். எங்களுக்கு அறுந்தது இந்தக் கடைசிக் கண்ணியில். ஒருவர் மேனிஃபெஸ்ட் மெர்ஜ் மோதலைத் தீர்க்கும்போது அந்த நான்கு வரியை அழித்துவிட்டிருந்தார்.

டெஸ்டர் மூன்றாவது மெனுவைத் தொட்டதும் விழுகிறது (கோயின்)

"நோ டெஃபினிஷன் ஃபவுண்ட்". பட்டியலில் அந்தப் பொருள் இல்லை, அல்லது அது இருக்கும் மாட்யூலை ஸ்டார்ட்கோயினில் சேர்க்கவில்லை. சரிசெய்வது ஒரு நிமிடம். டெஸ்டர் கைக்குப் போகும் முன் பிடிப்பதுதான் விஷயம். மாட்யூலின் மேல் 'வெரிஃபை' அழைக்கும் ஒரு யூனிட் டெஸ்ட் எழுதி, அதை சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும் சோதனை) கட்டாயமாக்குங்கள். கான்டெக்ஸ்ட் போல வெளியிலிருந்து வரும் வகைகளை அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவற்றையும் காணோம் என்று புகார் செய்யும். கோயின் வைத்துக்கொண்டு இந்த டெஸ்ட் இல்லாத ப்ராஜெக்டைப் பார்த்தால், கோயினைக் குறை சொல்ல அந்த டீமுக்கு உரிமை இல்லை என்பேன்.

இன்னொரு வம்பு: ஒரே வகைக்கு இரண்டு மாட்யூலில் டெஃபினிஷன் இருந்தால், பின்னால் வந்தது முன்னதைச் சத்தமில்லாமல் மூடிவிடும். டெஸ்டுக்கு வசதி, ப்ரொடக்‌ஷனில் ஆபத்து. 'அலவ்ஓவர்ரைட்'டுக்கு ஃபால்ஸ் கொடுத்துவிடுங்கள். டெஸ்டுகளை மொத்தமாக ஓட்டும்போது மட்டும் "ஆல்ரெடி பீன் ஸ்டார்டட்" வந்தால், ஒவ்வொரு டெஸ்ட் முடிவிலும் 'ஸ்டாப்கோயின்' அழைக்கவில்லை.

நினைவகக் கசிவைக் கண்டுபிடிக்கும் லீக்கனரி ஆக்டிவிட்டியைக் காட்டுகிறதா? 'சிங்கிள்' ஒன்றுக்கு பேராமீட்டராக ஆக்டிவிட்டியைக் கொடுத்திருப்பீர்கள். முதலில் வந்த ஆக்டிவிட்டியை அது விடவே விடாது. ஹில்ட்டில் இந்தத் தவறைச் செய்யப் போனால் மாடிக் கணக்குத் தடுத்துவிடும்.

பில்ட் இழுக்கிறது, அல்லது கோட்லின் ஏற்றியதும் உடைகிறது

மெதுவாக இருப்பது டாகர் என்று திட்டுவதற்கு முன், கேப்ட்டா, அதற்கு மாற்றாக வந்த கேஎஸ்பியா என்று பாருங்கள். கேப்ட் முதலில் எல்லாக் கோட்லின் கோடுக்கும் ஜாவா நிழல் எழுதுகிறது. நேரத்தில் பெரும்பங்கு அங்கே போகிறது. 2023-இல் வந்த 2.48 பதிப்பிலிருந்து டாகர் கேஎஸ்பியில் ஓடுகிறது. ஆனால் ஒரு கிரேடில் மாட்யூலில் ஒரே ஒரு ப்ராசஸர் கேப்ட்டில் மிச்சமிருந்தாலும் நிழல் எழுதும் வேலை நிற்காது. டேட்டாபைண்டிங் வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

கோட்லினை மட்டும் ஏற்றியபின் "அன்சப்போர்டட் மெட்டாடேட்டா வெர்ஷன்" வந்தால், உங்கள் டாகருக்குப் புதிய கோட்லினின் குறிப்பைப் படிக்கத் தெரியவில்லை. டாகரையும் ஹில்ட்டையும் ஒரே பதிப்புக்கு ஏற்றுங்கள். கோடில் தேட எதுவும் இல்லை.

ஐஓஎஸ் டீம் வந்து "காமன் கோடில் போடுங்க" என்கிறது

இங்கேதான் கூடம் நிஜமாகவே கோணல். ஆண்ட்ராய்டுக்கும் ஐஓஎஸ்ஸுக்கும் ஒரே கோடு எழுத உதவும் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்மின் பொதுப் பகுதியில் ஹில்ட் ஓடாது. அது ஆண்ட்ராய்டுக்காகவே கட்டியது. கோயின் ஓடும். கம்பைல் நேரச் சரிபார்ப்பை விட மனமில்லாதவர்களுக்கு கோட்லின்இன்ஜெக்ட் என்ற லைப்ரரி இருக்கிறது. ஐந்து திரை ஆப் என்றால் எதுவும் வேண்டாம், ஒரு கிளாஸில் கையாலேயே கட்டிக் கொடுங்கள்; ஆள் கூடும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு மட்டும், பத்துப் பேர் கமிட் செய்யும் ரெப்போ என்றால் என் ஓட்டு ஹில்ட்டுக்கு. மறதியைக் கம்பைலர் பிடிக்கட்டும், டெஸ்டர் வேறு வேலை பார்க்கட்டும்.

மாறுவது என்று முடிவாகிவிட்டால் ஒரே பிஆரில் (கோட் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) மாற்றாதீர்கள். பொதுப் பகுதியில் கோயினைத் தொடங்கி, ஆண்ட்ராய்டு பக்கம் ஹில்ட்டை அப்படியே விடுங்கள். நடுவில் ஒரு பாலம் போதும்: @ப்ரொவைட்ஸ் ஃபங்ஷன் ஒன்று, அதன் உள்ளே கோயினிடம் கேட்டு வாங்கித் தரும் ஒரு வரி. அப்ளிகேஷன் கிளாஸிலேயே @இன்ஜெக்ட் ஃபீல்டு இருந்து அது இந்தப் பாலம் வழியாக வந்தால் மட்டும் ஒரு கவனம் தேவை. ஹில்ட் அதை நிரப்புவது சூப்பர் ஆன்க்ரியேட்டுக்குள். ஆகவே ஸ்டார்ட்கோயின் அதற்கு முந்தைய வரியில் இருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் அடுத்த வரியில் எழுதினால் "கோயின்அப்ளிகேஷன் ஹேஸ் நாட் பீன் ஸ்டார்டட்" என்று ஆப் திறக்கும் முன்பே விழும்.